பெரிய டிரம் சொன்ன சொல்

என் வயசுக்காரர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். கொட்டுச் சத்தத்தை வெறும் சத்தமாகக் கேட்க உங்களால் முடியுமா? எனக்கு முடிவதில்லை. ரயில் பாலத்தைத் தாண்டினாலும், பக்கத்து வீட்டில் எதையாவது இடித்தாலும், எங்கிருந்தோ ஒரு சொல் வந்து அந்தத் தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஏறிய சொல்லை இறக்க முடியாது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஏழாம் வகுப்பில், ஓர் ஆடி மாசத்தில் தெரிந்துகொண்டேன். உங்களில் சிலர் அன்று என்னோடு வரிசையில் நின்றவர்கள். நான் சொல்வதில் பிசகு இருந்தால் திருத்துங்கள். ஆனால் குறுக்கே பேசாதீர்கள், எனக்கு விட்டுப்போகும்.

நம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேண்டு செட்டு உண்டு என்பதே அந்த வருஷம்தான் நமக்குத் தெரிந்தது. விளையாட்டுச் சாமான் அறையைக் கூட்டப் போன ஆயா, உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் தோல் போர்த்திக்கொண்டு ஏதோ படுத்திருக்கிறது என்று அலறிக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால் பெரிய டிரம். அதன் மேல் சாய்ந்தபடி சின்னச் சின்ன சைடு டிரம்கள், கயிறு தளர்ந்து, அடியில் கட்டிய கம்பி துருவேறி. எலிப் புழுக்கையும் ஃபினாயிலும் பழைய தோலும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கில் வரும். ஹெச்.எம். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"சுதந்திர தினத்தன்னிக்கு நம்ம பொண்ணுங்க இத அடிச்சிக்கிட்டே தாலுகா ஆபீஸ் மைதானம் வரைக்கும் போகணும். முடியலன்னா சொல்லிடுங்க, பாய்ஸ் ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுத்துடறேன். அவங்களாவது அடிக்கட்டும்" என்றார்.

இது டிரில் டீச்சரைப் பார்த்துச் சொன்னது. டிரில் டீச்சர் அந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவர். வேப்பூர்ப் பக்கமிருந்து தினம் பஸ்ஸில் வருவார். கழுத்தில் விசில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிய இடுப்பு, எப்போதும் கொஞ்சம் பயந்த கண். அவருக்கும் டிரம் புதுசு. எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாக இருந்த ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு நம் முன்னால் நின்றார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, "கை அப்புறம். மொதல்ல எல்லாரும் வாயத் தொறங்க" என்றார்.

அப்படித்தான் நாம் டிரம் கற்றோம். வாய் சொல்ல முடிந்ததைக் கை அடிக்கும் என்பது அவர் கணக்கு. நேரடிக்கு, "இட்லி வட, இட்லி வட". உருட்டி அடிக்க, "கடகடன்னு குடிச்சிட்டு ஓடு". நடந்துகொண்டே அடிக்கிற அடிதான் கஷ்டம். அதற்குச் சொல் கிடைக்காமல் சில நாள் தவித்தார். ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் கேட்டிலிருந்தே கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"கெடச்சிடுச்சிடி! சொல்லுங்க: வந்தா வரட்டும், போனா போவட்டும்!"

படியில் நின்று ஏறுவதா வேண்டாமா என்று யோசிக்கிற ஆளைப் பார்த்து அவருடைய பஸ் கண்டக்டர் தினமும் சொல்கிற வாக்கியமாம் அது. வந்தா வரட்டும், போனா போவட்டும், ரைட்டு! சொல்லிப் பாருங்கள், இப்போதும் கால் தானாக எடுத்து வைக்கும். 'வந்' என்கிற இடத்தில் இடது காலும் பெரிய டிரமும். 'போ' என்கிற இடத்தில் மறுபடி இடது காலும் பெரிய டிரமும். நடுவில் இருப்பதையெல்லாம் சைடு டிரம்கள் நிரப்ப வேண்டும். யாரோ ஒரு கண்டக்டரின் சலிப்பை எடுத்து நம் இருபது முப்பது கைகளில் வைத்துவிட்டார் டீச்சர். நமக்கும் அது அவ்வளவு பிடித்துப்போனது.

பெரிய டிரம்முக்கு ஆள் தேடினபோது உயரமான பெண்களெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார்கள். டீச்சர் அவர்களை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் நின்ற என் கூட்டாளியைக் கூப்பிட்டார். வகுப்பில் கேள்வி கேட்டால்கூட அவள் குரல் வெளியே வராது. ஆனால் மைதானத்தில் எத்தனை சுற்று சுற்றினாலும் அவளுடைய இடது கால் தப்பாது. டிரம்மை மாட்டியதும் முன்னாலிருந்து பார்த்தால் நெற்றியும் இரட்டைப் பின்னலும் இரண்டு பாதமும்தான் தெரிந்தன. முதல் அடி அடித்தாள் பாருங்கள், வேப்ப மரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பின. அன்றிலிருந்து அவளுக்குப் பேர் டிரம்காரி.

டிரம்காரியின் அம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைவீதிக்குப் பின்தெருவில் பச்சைக் கதவு வீடு. அவருடைய வீட்டுக்காரர் வளைகுடாவுக்குப் போயிருந்தார். இந்தம்மா சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். டிரம்மின் விளிம்பு மகளின் வயிற்றில் அழுத்துகிறது என்று பழைய துண்டை மடித்துத் தைத்து ஒரு மெத்தை செய்து கொடுத்தவர் அவர்தான். சாயங்காலம் பயிற்சி முடியும் நேரம் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்.

"எம் மவ அடிச்சா தாலுகா ஆபீசு ஓடு பறக்கப்போவுது. தாசில்தாரு வந்து ரிப்பேருக்கு என்னைத்தான் கேப்பாரு" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அந்த வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. வளைகுடாவிலிருந்து டிரம்காரியின் அப்பா, அவளுக்கு அத்தா, கேசட்டில் பேசி அனுப்புவார். கேசட்டு வந்தால் எங்கள் தெருவிலிருந்து நாங்களும் ஓடுவோம். ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லி விசாரிப்பார். என்னைக்கூட ஒருமுறை, "செராமிக்காரர் பொண்ணு நல்லா படிக்குதா?" என்று கேட்டிருந்தார். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து என்னைப் பற்றி ஒரு கேள்வி வந்ததை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. பிறகு கேசட்டு நின்றது. கடிதமும் நின்றது. பக்ரீத் போனது, கோடை விடுமுறை போனது. தபால்காரர் அந்த வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தம்மா மட்டும் முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

ஒருநாள் குழாயடியில் கை கழுவும்போது டிரம்காரி என்னிடம் சொன்னாள்: "இத அடிக்கும்போது மட்டுந்தாண்டி எனக்கு அத்தா நெனப்பு வர்றதில்ல. கால் தப்பிடக் கூடாதுன்னே இருக்கும். அப்படியே அடிச்சிக்கினே இருக்கலாம்போல இருக்குது."

எங்கள் வீடுகளில் டிரம் ஏது? ஆளுக்கு ஒன்றைத் தேடிக்கொண்டோம். என் அப்பாவுக்குச் செராமிக் ஃபேக்டரியில் சூளை வேலை. சூட்டில் வாய் கோணிப்போன ஊறுகாய் ஜாடி ஒன்று வீட்டில் உப்புக்கு இருந்தது. உப்பைக் கொட்டிவிட்டு அதைக் கோணிச்சாக்கில் கவிழ்த்து வைத்து இரண்டு குச்சியால் தட்டுவேன். வெளியே ஆடிக் காற்று வெள்ளை மண்ணை வாரிக்கொண்டு வந்து கதவிடுக்கில் ஊதும். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "உலையில இருக்கற அரிசியெல்லாம் எழுந்து லெஃப்ட் ரைட் போடுதுடி! வேகவே மாட்டேங்குது!"

இப்படி ஊரெல்லாம் தட்டினால் ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? மைதானத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எண்ணெய் டின்னையும் உடைந்த பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். முன்னால் ஒருவன் துடைப்பக்கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரில் டீச்சர் மாதிரி இடுப்பை வெட்டி நடப்பான். பின்னால் எல்லாரும் ஒரே குரலில்: வந்தா வரட்டும், போனா போவட்டும்!

பச்சைக் கதவு வீட்டுத் தெருவிலும் அப்படித்தான் போனார்கள். முறத்தோடு வாசலுக்கு வந்த டிரம்காரியின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். பையன்களுக்கு அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு விடுவார்களா? அடுத்த நாளிலிருந்து அந்த வாசல் வந்தால் நின்று, திரும்பி, டின்னைக் கூடுதலாகத் தட்டிவிட்டுத்தான் போனார்கள். பச்சைக் கதவு பகலிலும் சாத்தியே கிடந்தது.

டிரம்காரி பயிற்சிக்கு வரவில்லை. வகுப்புக்கு வந்தாள், மணியடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் நான் வழிமறித்துக் கேட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா கேட்டாங்க, யாரு சொல்லிக் குடுத்தது இதன்னு. டீச்சருன்னேன். நீ எங்க அடிப்பன்னாங்க. 'வந்'ல ஒண்ணு, 'போ'ல ஒண்ணுன்னேன். அப்புறம், 'உங்கத்தாவப் போவட்டும்னு நீயே அடிக்கிறியா?'ன்னாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

டிரில் டீச்சர் அந்த வீட்டுக்குப் போனார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். சத்தியத்தை நினைத்துக்கொண்டு நான் அவர் பின்னால் ஒளிந்தபடி நின்றேன். டிரம்காரியின் அம்மா மரியாதையாக நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், பிஸ்கட் வைத்தார்.

"பொண்ண அனுப்புங்கம்மா. அவ இல்லாம ஒரு கால்கூட ஒழுங்கா விழல" என்றார் டீச்சர்.

"வேணாங்க."

"ஏன்னாவது சொல்லுங்க."

"வேணாம்னா விட்டுடுங்களேன் வாத்தியாரம்மா."

டீச்சர் தயங்கித் தயங்கி, "ஹெச்.எம். சொன்னாங்க... உங்க ஜனத்துல பொண்ணுங்க தெருவுல கொட்டு அடிக்கிறத ஒத்துக்க மாட்டாங்க, கட்டாயப்படுத்தாதன்னு. அதனாலயா?" என்றார்.

மெத்தை தைத்துக் கொடுத்த மனுஷி, தாலுகா ஆபீஸ் ஓடு பறக்கும் என்று கேட்டில் நின்று சிரித்த மனுஷி, காலி டீ கிளாஸைக் கையில் எடுத்தார். பிறகு, "அப்படியே வெச்சிக்கிங்க" என்றார்.

இந்த வயதில் யோசிக்கும்போதுதான் அந்த ஒரு பதிலின் கனம் எனக்குத் தெரிகிறது. புருஷனிடமிருந்து கடுதாசி வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதைவிட, ஊர் தன் ஜனத்தைப் பற்றித் தப்பாக நினைப்பது பரவாயில்லை என்று அவர் முடிவு செய்தார். ஹெச்.எம். அம்மாவோ, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அடுத்த நாள் பிரேயரில் டீச்சர்களிடம் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பையன்களின் பாட்டு ஹெச்.எம். காதுக்கும் எட்டியது. பள்ளிக்கூடத்து மானம் போகிறது, இனி யாரும் வாயால் சொல்லக் கூடாது, கையால் மட்டும் அடியுங்கள் என்று உத்தரவு. சொல்லவில்லை. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு அடித்தோம். ஆனால் டிரம் சொன்னது! வந்தா வரட்டும், போனா போவட்டும் என்று துல்லியமாகச் சொன்னது. சுவர்மேல் பையன்கள் சிரித்தார்கள். வாயை மூடினால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்று எனக்கே தோன்றியது.

அந்த அடிக்கு வேறு சொல் வைத்துவிட்டால் பழையது போய்விடும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏன் எதற்கு என்று சொல்லாமல், நம்மில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தோம். 'பூவா பறிக்கட்டும், மால கட்டட்டும்' என்று ஒருத்தி. 'மாமா சிரிக்கட்டும், மாமி அழட்டும்' என்று ஒருத்தி. பூவே இருக்கட்டும் என்று முடிவு செய்து, பையன்களில் துடைப்பக்கட்டைக்காரனைப் பிடித்து நயமாகச் சொன்னேன்.

"இனிமே இத பாடுங்கடா. நல்லா இருக்குதில்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்குது. மால யாருக்கு? போனவருக்கா?"

மறுநாள் அதையும் சேர்த்துப் பாடிக்கொண்டு போனார்கள். அதோடு அந்த யோசனையை விட்டேன்.

சுதந்திர தினம் நெருங்கிக்கொண்டே வந்தது. உயரமான ஒருத்தியிடம் பெரிய டிரம்மைக் கொடுத்திருந்தார்கள். அவள் கையை ஓங்குவாள், யோசிப்பாள், பிறகு அடிப்பாள். அதற்குள் நம் கால் இரண்டு தப்பு பண்ணியிருக்கும். முன் வரிசை வலது, பின் வரிசை இடது. ஹெச்.எம். ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுப் பந்தியில எழுந்து ஓடற மாதிரி இருக்கு. பாய்ஸ் ஸ்கூல் ஹெச்.எம்.முக்கு ஆள் அனுப்பவா?" என்று கேட்டார். டிரில் டீச்சர் விசிலை ஊதினார். மைதானத்து ஓரத்தில் டிரம்காரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கால் மட்டும் மண்ணில் தட்டிக்கொண்டிருந்தது, சரியான இடத்தில், ஒவ்வொரு தடவையும்.

அந்தக் காலைப் பார்த்த பிறகு என்னால் சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம், டிரம் கயிறுகளை வெயிலில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

"ஐயோ, நான் கண்டக்டர் சொன்னதத்தானடி சொன்னேன்" என்றார். "பஸ்ஸுல ஏறாதவனுக்குச் சொன்னதுடி அது. அந்தம்மாவுக்கா சொல்வேன்?" வாயைக் கையால் பொத்திக்கொண்டு டிரம்மின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு என்ன வயசு இருந்திருக்கும் என்கிறீர்கள்? இப்போது நம் மகள்களுக்கு இருக்கிற வயசைவிடக் குறைவுதான்.

பிறகு எழுந்து எங்களைக் கூப்பிட்டார். ஊர்வலம் பச்சைக் கதவு வீட்டுத் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். கடைவீதியில் லாரியும் கூட்டமும் அடைத்துக்கொண்டிருக்கும். "நாளைக்கு அந்த வூடு வரும்போது நான் கையத் தூக்குவேன். உடனே எல்லாரும் கொட்ட நிறுத்திடணும். கால் சத்தம்கூட மெதுவாத்தான் கேக்கணும். வூடு தாண்டின பொறவு கையக் கீழ விடுவேன், அப்ப ஆரம்பிங்க. அந்தம்மா மனசு நோகக் கூடாது, புரியுதா?"

புரிந்தது என்று எல்லாரும் தலையாட்டினோம். எவ்வளவு நல்ல டீச்சர் என்றுகூட நினைத்தேன்.

காலையில் கிளம்பினோம். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, கஞ்சி போட்ட நெஞ்சு. உயரக்காரி தட்டுத் தடுமாறி அடிக்க, அதைப் பிடித்துக்கொண்டு நாங்களும் எப்படியோ தெருவுக்குள் திரும்பினோம். வாசல்களில் ஜனங்கள் நின்றிருந்தார்கள். பையன்கள் கூடவே ஓடி வந்தார்கள். பச்சைக் கதவு சாத்தியிருந்தது.

டீச்சர் கையைத் தூக்கினார்.

கொட்டு நின்றது. நம் செருப்புச் சத்தம் மட்டும் சரக் சரக்கென்று. ஒரு குழந்தைகூடப் பேசவில்லை. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்தார், அந்தக் கதவைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் துண்டை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம்மூரில் ஓர் ஊர்வலம் எந்த வாசலில் கொட்டை நிறுத்தும்? சாமியோ கல்யாணமோ எதுவாக இருந்தாலும், இழவு விழுந்த வீட்டின் முன்னால்தான் மேளத்தை நிறுத்திவிட்டுக் கடப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நமக்கெல்லாம் பிறவியிலேயே தெரியும். தெரிந்தும் நேற்று அத்தனை பேர் தலையாட்டினோம், ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பச்சைக் கதவு படாரென்று திறந்தது. டிரம்காரியின் அம்மா தெருவுக்கு ஓடி வந்தார். தலையில் முக்காடு இல்லை, காலில் செருப்பு இல்லை.

"யாருடி சொன்னது உங்களுக்கு?" என்று முன்னால் நின்ற என் தோளைப் பிடித்தார். "தந்தி வந்துதா? எங்க வந்துது? ஸ்கூலுக்கு வந்துதா?"

டீச்சர் ஓடி வந்தார். "ஐயோ, ஒண்ணுமில்லங்க! ஒண்ணுமே இல்லங்க!"

அதைவிடத் தப்பான பதில் உலகத்தில் கிடையாது. சாவுச் செய்தி கொண்டுவருகிற யாரும் முதலில் சொல்வது அதைத்தானே. அவர் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லன்னா ஏங்க நிறுத்துனீங்க? எல்லாரும் கூடிப் பேசி வெச்சிக்கினு எங்கிட்ட மட்டும் மறைக்கிறீங்களா? எப்ப மவுத்தானாரு? சொல்லிடுங்க வாத்தியாரம்மா, என் புள்ளைக்கு நான் சொல்லணும், சொல்லிடுங்க!"

தெருவில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "தந்தி வந்துடுச்சாம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். என் கண் முன்னாலேயே அது உண்மையாகிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் உயிரோடுதான் இருந்தார், பாஸ்போர்ட்டை எவனோ பிடுங்கி வைத்துக்கொண்டதில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார், அடுத்த வருஷம் இளைத்துக் கறுத்து வந்து இறங்கினார். ஆனால் அன்று காலை அந்தத் தெருவில் அவர் செத்துக்கொண்டிருந்தார். எங்களில் யாருக்கும் அதை எப்படித் தடுப்பதென்று தெரியவில்லை. டீச்சர் 'இல்லங்க, இல்லங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவிலிருந்து டிரம்காரி வந்தாள். வீட்டுப் பாவாடை, ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலை. அம்மாவைப் பார்த்தாள், எங்கள் கையில் அசையாமல் இருந்த குச்சிகளைப் பார்த்தாள். நேராக உயரக்காரியிடம் போய், அவள் தோளிலிருந்து பெரிய டிரம்மைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மெத்தை இல்லை, விளிம்பு வயிற்றில் அழுந்தியது. கையை ஓங்கி அடித்தாள்.

தம்.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். டிரம்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடது காலைத் தூக்கி வைத்து, மறுபடி அடித்தாள். தம். மறுபடி. தம். சாவு வீட்டு வாசலில் ஊர்வல அடியை யாரும் அடிக்க மாட்டார்கள். செத்தவரின் மகள் அடிக்கவே மாட்டாள். அத்தா சாகவில்லை என்று அவள் வாயால் சொல்லாததை அவள் அம்மா அந்த அடியில் கேட்டார். டீச்சரின் கைகள் மெல்ல விடுபட்டன.

என் கை தானாக அடித்தது. பக்கத்தில் இருந்தவளும் அடித்தாள். வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. எந்தச் சொல் அதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று எல்லாருக்கும் தெரியும், பையன்களுக்கும் தெரியும், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. துடைப்பக்கட்டைக்காரன் டின்னைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். டிரம்காரியின் அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவரைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் நகர்ந்தோம்.

தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். எழுந்து வந்துகொண்டிருந்தார். கிடைத்த துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மகளின் பக்கத்தில், வெறுங்காலோடு. தாலுகா ஆபீஸ் மைதானம் வரைக்கும் அப்படியே வந்தார். கால் ஒன்றுகூடத் தப்பவில்லை எங்களுக்கு. கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள், ஹெச்.எம். அம்மா அவரிடம் வந்து, "பெரிய மனசும்மா உங்களுக்கு. உங்க ஜனத்துல இதெல்லாம் ஒத்துக்கறது லேசா?" என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

டிரில் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவர், அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் விசிலைத் திருகிக்கொண்டே நின்றார். டிரம்காரியின் அம்மா, மகளின் வயிற்றில் டிரம் அழுத்திய இடத்தை ஒரு கையால் தடவிக்கொண்டே, டீச்சருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்ன வேணா சொல்லி அடிச்சிக்கிங்க வாத்தியாரம்மா. எங்க வூட்டாண்ட மட்டும் நிறுத்தாதீங்க."